யார்டில் கேட்ட ‘வுடு’

மத்தியானச் சாப்பாட்டை முடித்து டப்பாவைக் கழுவிக் கவிழ்த்திருந்தேன். எஞ்சின் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. கேபினுக்குள் டீசல் வாடையோடு நான் கொண்டுபோயிருந்த மடவை மீன் குழம்பின் வாடையும் சேர்ந்திருந்தது.

எஞ்சினுக்கு முன்னால் இருபது வேகன். அத்தனையும் நிலக்கரி கொட்டிவிட்டு வந்த காலி வேகன்கள். லைன் அந்த இடத்தில் வளைகிறது. கடைசி வேகனுக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்பது டிரைவர் சீட்டிலிருந்து தெரியாது. எனக்குக் கண்ணு, காது எல்லாமே சட்டைப் பையில் சொருகியிருந்த வாக்கி டாக்கிதான்.

அது கரகரத்தது. “தேசு, மெதுவா தள்ளு.” என் மச்சான் வேலாயுதத்தின் குரல். தள்ளினேன்.

ஐந்தாறு விநாடி போயிருக்கும். அதே குரல், இந்த முறை தொண்டை கிழிய: “வுடு, வுடு.”

நான் கைப்பிடியைத் தள்ளி வேகத்தை ஒரு நாட்ச் ஏற்றினேன்.

மூன்று வாரமாக இந்தத் தொடரில் யார்டைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். எஞ்சினுக்குள் கூடு கட்டிய மைனாவைப் பற்றி எழுதியாயிற்று. யார்டு மாஸ்டரின் குடையைப் பற்றிக்கூட எழுதியாயிற்று. ஒரு வாசகர் நேரடியாகவே கேட்டுக் கடிதம் போட்டிருந்தார்: “இத்தனை வருஷம் ஓட்டினீரே, விபத்து ஒன்றும் நடக்கவில்லையா?” நடந்தது ஐயா. அதை எழுதாமல் தப்பிக்கத்தான் மைனாவையும் குடையையும் எழுதிக்கொண்டிருந்தேன்.

மீஞ்சூரைத் தாண்டாத டிரைவர்

ஷண்டிங் எஞ்சின் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஊர் விட்டு ஊர் போகிற ரயிலை இழுப்பது வேறு எஞ்சின். அது வந்து சரக்கை யார்டில் விட்டுவிட்டுப் போய்விடும். அந்த வேகன்களைப் பிரித்து, சேர்த்து, இந்த லைனிலிருந்து அந்த லைனுக்கு மாற்றி, கொட்ட வேண்டிய இடத்தில் கொண்டு நிறுத்துவது ஷண்டிங் எஞ்சின். நாள் முழுக்க ஓடும். ஒரு மைலைத் தாண்டாது.

என் நைனா இதை வைத்தே என்னைக் கிண்டல் செய்வார். “பெரிய ரயில் டிரைவராம். எத்தினி வருசமா ஓட்டுறான், பக்கத்துல இருக்கிற மீஞ்சூர் இன்னும் வரல.”

யார்டு எங்கள் ஏரிக்குத் தெற்கே, கடலுக்கும் ரயில்பாதைக்கும் நடுவில் இருந்தது. கம்பெனி பெயர் இங்கே தேவையில்லை. பழைய டீசல் எஞ்சின்கள் இரண்டை வைத்திருந்தார்கள். ஓட்ட ஆள் பிடித்துக் கொடுத்தது ஒரு காண்டிராக்ட்காரர். நான் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தவன். எடுபிடியாகப் போய், ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒரு டிரைவரின் கீழே வேலை பழகி, கடைசியில் அந்த சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் குப்பத்தில் காக்கிச் சட்டை போட்டு வேலைக்குப் போன முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. இருந்தது என்ன, நிறையவே இருந்தது.

ஏரி முகத்துவாரம் மண் மூடிக்கொள்ள ஆரம்பித்த வருஷங்கள் அவை. கடல் தண்ணீர் உள்ளே வராவிட்டால் இறால் ஏது? ஆம்பிளைகள் வேறு வேலை தேடி அலைந்தார்கள். நான்தான் காண்டிராக்ட்காரரிடம் சொல்லி இரண்டு பேரை யார்டுக்குள் கொண்டுவந்தேன். ஒருவன் வேலாயுதம், என் தங்கையின் புருஷன். என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இன்னொருவன் ஏழுமலை, எங்கள் தெருக்காரன்.

வேலாயுதம் வாக்கி டாக்கியை வைத்துக்கொண்டு வேகன் பக்கத்தில் நின்று எனக்கு வழி சொல்வான். ஏழுமலை வேகனை வேகனோடு மாட்டுகிறவன். நாங்கள் மூன்று பேரும் ஒரே ஷிஃப்ட். ஏரியில் யார் எந்த இடத்தில் என்றைக்கு வலை போடலாம் என்று முறை வைத்திருக்கிறோமே, அதற்குப் பாடு என்று பேர். இவர்கள் இரண்டு பேரும் ஷிஃப்ட்டையும் பாடு என்றே சொன்னார்கள். “நாளைக்கு நம்ம பாடு காலையிலயா?” என்று ஏழுமலை கேட்கும்போது யார்டு மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார்.

ஏழுமலை வாய் ஓயாதவன். சோறு தின்பதற்கு முன் கையை மூன்று தடவை தேய்த்துக் கழுவுவான், அப்படியும் நகக்கண்ணில் கரி இருக்கும். “ஏரிக்குப் போனப்ப பவானி, கிட்ட வராத, மீன் நாத்தம்னா. இப்ப பாய்ல படுக்காத, கரி ஒட்டுதுன்றா. நான் எங்கதான்யா படுக்கிறது?” என்பான். பவானி அவன் பெண்சாதி.

படகுப் பேச்சு

எங்கள் பக்கத்தில் ‘விடு’ என்று யாரும் சொல்வதில்லை. வுடுதான்.

எனக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது நடந்தது இது. முகத்துவாரத்துக்கு வெளியே நான்கு பேர் கயிற்றைப் பிடித்து வலை இழுத்துக்கொண்டிருந்தோம். வலை அடியில் எதிலோ மாட்டிக்கொண்டது. நல்ல நீரோட்டம். எனக்கு முன்னால் நின்றவரின் மணிக்கட்டில் கயிறு ஒரு சுற்றுச் சுற்றி இறுகிவிட்டது. அவரால் கத்தக்கூட முடியவில்லை. பின்னாலிருந்து நைனா பார்த்துவிட்டார். “வுடு, வுடு.”

நான்கு பேரும் கையைத் திறந்துவிட்டோம். சுற்று தளர்ந்து அவர் கை தப்பியது, வலை போயிற்று. புது வலை. கரைக்கு வந்தபிறகு வலையைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

படகில் அந்த வார்த்தை காதில் விழுந்தால் செய்வதை அப்படியே நிறுத்திக் கையை எடுத்துவிட வேண்டும், ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. யோசிக்கவும் கூடாது. யோசித்தால் ஒருத்தன் கை போய்விடும். இதை எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. நாலு நாள் படகில் போனால் விரலுக்கே தெரிந்துவிடும்.

யார்டில் கதை வேறு. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு வுடு என்றால் கிளப்பு, ஓட்டு என்று அர்த்தம். “வண்டிய வுடுப்பா” என்று பஸ்ஸில் கண்டக்டர் சொல்வதில்லையா, அதுதான். யார்டில் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள். வேலாயுதம் வந்த புதிதில் ஒருநாள், நான் நிறுத்த வேண்டிய இடத்தில் “வுடு, தேசு, வுடு” என்றான். எனக்குப் புரிந்தது. நிறுத்திவிட்டேன். ஆனால் பக்கத்தில் யார்டு மாஸ்டர் நின்றிருந்தார். “என்னய்யா இது, ஓட்டச் சொல்றான், நிறுத்துற?” என்று சிரித்தார்.

எனக்கு மானம் போய்விட்டது. எஞ்சினை விட்டு இறங்கிப் போய் நாலு பேர் முன்னால் மச்சானை வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

“இது உங்க படகு இல்ல. இங்க வுடுன்னா கெளம்புன்னு அர்த்தம். நிறுத்தணும்னா ஸ்டாப்புனு சொல்லு. இன்னொரு வாட்டி படகுப் பேச்சு பேசினா நான் கேக்க மாட்டேன்.”

வேலாயுதம் சிரித்துக்கொண்டே, “சரிங்க டிரைவர் சார்” என்றான். ஏழுமலை பின்னால் நின்று எனக்கு சல்யூட் வைத்தான். அன்றிலிருந்து மச்சான் ஒழுங்காக ஸ்டாப் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். கிட்டத்தட்ட மூன்று வருஷம் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

வளைவுக்கு அந்தப் பக்கம்

அங்கே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். என் வேகன்களோடு மாட்ட வேண்டிய வேகன் ஒன்று அங்கே நின்றிருந்தது, அதன் கொக்கி சரியாகத் திறக்கவில்லை. அப்படியே மோதினால் மாட்டாது. திரும்பப் பின்னால் இழுத்து மறுபடி தள்ள வேண்டும். என்னைத் தள்ளச் சொன்ன பிறகுதான் ஏழுமலை அதைக் கவனித்திருக்கிறான். ஒரு நொடி வேலைதானே என்று இரண்டு வேகனுக்கும் நடுவில் புகுந்து கொக்கியைக் கையால் இழுத்திருக்கிறான். செய்யக் கூடாத காரியம். எல்லா யார்டிலும் எல்லாரும் செய்கிற காரியம்.

நான் தள்ளிய வேகன்கள் ஆள் நடக்கிற வேகத்தில்தான் வந்துகொண்டிருந்தன. வேலாயுதம் அவனைப் பார்த்துவிட்டான். வாக்கி டாக்கியை அமுக்கிக் கத்தினான். மூன்று வருஷமாகப் பழகிய ஸ்டாப் அந்த நேரத்துக்கு அவன் வாயில் வரவில்லை. உயிர் போகிற நேரத்தில் எவனுக்கு வரும்?

எஞ்சினில் இருந்த எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. வேகனும் வேகனும் சேருகிற அந்த டணார் சத்தம் எப்போதும்போலக் கேட்டது. வண்டி லேசாகக் குலுங்கியது. சரி, மாட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பிரேக் போட்டேன்.

அதன் பிறகு வாக்கி டாக்கியில் பேச்சே இல்லை. மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் வந்தது. இறங்கி ஓடினேன். இருபது வேகன் நீளம் ஓடினேன்.

ஏழுமலை நின்றுகொண்டிருந்தான். இரண்டு கொக்கியும் சேர்ந்து அவனை இடுப்பில் பிடித்து நிறுத்தி வைத்திருந்தன. கண் திறந்திருந்தது. உயிர் இல்லை. வேலாயுதம் அவனுடைய ஒரு கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேகனைப் பின்னால் இழுத்தால் விழுந்துவிடுவான் என்று யாரும் என்னை எஞ்சினை எடுக்கவிடவில்லை. பொன்னேரியிலிருந்து ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் அவன் அப்படியே நின்றான்.

இதற்கு மேல் அந்தக் காட்சியை எழுத எனக்குத் தெம்பில்லை.

ஒரே ஒரு அர்த்தம்

ஒரு வாரம் கழித்து விசாரணை. ஏ.சி. அறை, பெரிய மேஜை. விசாரித்த அதிகாரி வெளியூர்க்காரர், தெற்கத்தித் தமிழ். தன்மையாகத்தான் பேசினார். என்னையும் வேலாயுதத்தையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

“இவர் உங்கட்ட என்ன சொன்னார்?”

“வுடு வுடுன்னு சொன்னார் சார்.”

“அப்படின்னா?”

“வண்டிய எடுன்னு அர்த்தம் சார்.”

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நீங்க ரெண்டு பேரும் ஒரே ஊர்தானே. உங்க ஊர்ல அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம் ஏதாவது இருக்கா?”

கதவை அகலமாகத் திறந்து வைத்துத்தான் கேட்டார் மனுஷன். இருக்கிறது சார், படகில் அதுதான் நிறுத்து, என்று சொல்லியிருந்தால் போதும். அப்புறம் அவர் அடுத்த கேள்வி கேட்டிருப்பார்: அப்படியானால் உனக்குத் தெரியாதா? அந்த அடுத்த கேள்விக்குத்தான் பயந்தேன்.

“இல்ல சார். ஒரே அர்த்தம்தான்.”

வேலாயுதம் திரும்பி என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஏதோ கணக்குப் புரியாத பையன் வாத்தியாரைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். அவனைக் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டான். “தெரியல சார். அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றான்.

அவன் வேலை அன்றைக்கே போயிற்று. தவறான சைகை கொடுத்தான் என்று எழுதினார்கள். செத்தவனையும் விடவில்லை. ஒரு எட்டு வைத்தால் வெளியே வந்திருக்கலாம், வண்டி வருவது தெரிந்தும் கவனமில்லாமல் நின்றான் என்று அவன் மேலும் ஒரு வரி. என் மேல் குற்றமில்லை. நான் மறுநாள் டியூட்டிக்குப் போனேன்.

ஊரிலும் கூட்டம் போட்டார்கள், அம்மன் கோயில் வாசலில். அங்கே இருந்த ஒவ்வொருத்தனுக்கும் வுடு என்றால் என்னவென்று தெரியும். இங்கே என் பொய் செல்லாது. தலைவர் வாயைத் திறப்பதற்குள் வேலாயுதம் எழுந்து நின்றான்.

“தப்பு என்னுது. நிறுத்தச் சொல்ல வேண்டிய எடத்துல ஓட்டச் சொல்லிட்டேன். தேசு மேல ஒண்ணும் இல்ல.”

யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. மச்சான் என்னைக் காப்பாற்றத்தான் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான் என்று நினைத்தேன். இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு சம்பளமாவது மிஞ்சட்டும் என்று நினைத்திருப்பான். பெரிய மனசு அவனுக்கு என்று உள்ளுக்குள் கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்டதோடு சரி. வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருஷமும் அந்த நினைப்பைத்தான் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன், வெட்கங்கெட்டவன்.

முழங்கால் தண்ணீர்

வேலாயுதம் அதற்குப் பிறகு படகு ஏறவில்லை. கடலுக்குப் போகிறவர்கள் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருந்தேன். ஏரியில் முழங்கால் தண்ணீரில் தனியாக நடந்து, குனிந்து, கையால் தடவி இறால் பிடிக்கிறான். அதற்குப் படகு வேண்டாம், கூட ஆள் வேண்டாம். இடுப்பில் ஒரு கூடை கட்டிக்கொண்டால் போதும்.

எனக்குப் போன வருஷம் ஒரு காது சுத்தமாகக் கேட்காமல் போய்விட்டது. எஞ்சின் சத்தம் தின்றுவிட்டது என்றார் டாக்டர். வேலையை விட்டேன். வீட்டில் உட்கார்ந்து இந்தத் தொடரை எழுத ஆரம்பித்தேன். இந்த அத்தியாயத்துக்கு வந்ததும் கை ஓடவில்லை. போன வாரம் ஒரு காலை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரிக்குள் இறங்கி அவனிடம் போனேன்.

“மச்சான், அந்த விஷயத்த எழுதப் போறேன். நீ எனக்காகப் பழிய ஏத்துகினதையும் எழுதப் போறேன்.”

அவன் நிமிர்ந்தான். கையிலிருந்து சேறு வழிந்தது.

“உனக்காகவா? நான் எங்க உனக்காகச் சொன்னேன்?”

எனக்குப் புரியவில்லை.

“ஆபீஸ்ல நீ ஒரே அர்த்தம்தான்னு சொன்ன இல்ல? நீ படிச்சவன். செத்தவன் விஷயத்துல நீ பொய் சொல்ல மாட்டேனு நெனச்சேன். அப்ப உனக்கு நெசமாவே ஓட்டுன்னுதான் கேட்டிருக்கு, நான்தான் ஓட்டுன்னு சொல்லி அவனைக் கொன்னுட்டேன்னு ஆயிடுச்சு. யாரும் என்னைப் படகுல ஏறாதன்னு சொல்லல, தேசு. நான்தான் ஏறல. அவசரத்துக்கு என் வாயில இன்னா வரும்னு எனக்கே தெரியலியே. ஒருத்தன் கவுத்துல மாட்டிகினா நான் இன்னான்னு கத்துவேன்?”

தண்ணீர் முழங்காலைச் சுற்றிக் குளிர்ந்தது. அவன் கேட்டான்.

“அன்னிக்கு உனக்கு இன்னான்னு கேட்டுது? நெசத்த சொல்லு.”

இதை அதிகாரி கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

“நிறுத்துன்னுதான் கேட்டுது மச்சான்.”

சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. அந்தக் குரல் வந்ததும் கைப்பிடியிலிருந்து என் விரல் தானாகத் திறந்துவிட்டது என்று சொன்னேன். படகுப் பேச்சைக் கேட்க மாட்டேன் என்று நாலு பேர் முன்னால் சொன்னவன் நான், இது யார்டு, இங்கே வுடு என்றால் ஓட்டு என்று நினைத்து மறுபடி விரலை மூடினேன் என்று சொன்னேன். பிறகுதான் ஒரு நாட்ச் ஏற்றினேன் என்றும் சொன்னேன்.

அவன் அடிப்பான் என்று நின்றேன்.

“அப்ப நான் சரியாத்தான் சொல்லியிருக்கேன்” என்றான். மெதுவாக இன்னொரு தடவையும் அதையே சொன்னான். பிறகு கூடையோடு கரையைப் பார்த்து நடந்தான். அவன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஏழுமலை வீட்டுக்குப் போனான். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நான் பின்னாலேயே போனேன்.

பவானி வாசலில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தாள். வேலாயுதம் இத்தனை வருஷத்தில் அந்த வாசலுக்கு வந்ததில்லை. அவனைப் பார்த்ததும் எழப் போனாள். அவன் வேண்டாம் என்று கையைக் காட்டினான்.

“பவானி, நான் அன்னிக்கு நிறுத்துன்னுதாம்மா சொன்னேன். தேசுவுக்கும் அப்படித்தான் கேட்டிருக்கு. இப்பதான் சொன்னான்.”

மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையிலிருந்த நண்டை முழுசாகக் கழற்றிக் கூடையில் போட்டாள்.

“அண்ணே, நீ கத்தினது அவருக்குக் கேட்டிருக்குமா?” என்று வேலாயுதத்தைக் கேட்டாள்.

“பத்தடிகூட இல்லம்மா. கேக்காம இருக்குமா?”

“அவரும் படகுல போனவர்தானே. அவருக்கும் நிறுத்துன்னுதானே கேட்டிருக்கும்.”

அவள் என்னைப் பார்த்தாள்.

“ஒரு எட்டு வெச்சா தப்பிச்சிருக்கலாம்னு எழுதினாங்க. ஏன் வெளிய வரலன்னு இத்தினி வருசமா கேட்டுகினு இருக்கேன். நீ நிறுத்திடுவேனு நின்னுகினு இருந்திருக்காருண்ணே.”